கற்றைநோக்கியல்: திருகோணமலைப் பாடமும் உரையும்

பாயிரம்

பாயிரம் இல்லாமல் நூலைத் தொடங்கினால் பண்டிதர்கள் பாய்வார்கள். ஆகையால் அது முதலில். ஆக்கியோன் பெயர் இங்கே அவசியமில்லை. எல்லை, வடக்கே கொக்கிளாய்க் களப்பு, தெற்கே வெருகலாறு, கிழக்கே கடல், மேற்கே கந்தளாய்க்கு அப்பாலுள்ள காடு. நுதலிய பொருள், நேர்கோட்டு ஆர்முடுக்கியில் ஓடும் புரோத்தன் கற்றையை அளக்கவும் கண்காணிக்கவும் வைக்கப்படும் கருவிகளின் தொகையும் வகையும் விரியும். கேட்போர், உயர்தரத்தில் பௌதிகவியல் எடுத்துவிட்டு இப்போது வங்கியிலும் கச்சேரியிலும் துறைமுகத்திலும் உத்தியோகம் பார்ப்போர். பயன், பின்னேரம் நான்கு மணிக்குக் கன்ரீனில் எழும் தர்க்கங்களில் வெல்லுதல்.

இங்கே ஒரு தடை எழும். சொன்ன எல்லைக்குள் புரோத்தன் ஆர்முடுக்கி ஒன்றும் இல்லையே, இல்லாத பொருளுக்கு இலக்கணம் உண்டோ எனின், உண்டு என்க. பாலைத் திணைக்கென்று தனி நிலம் ஒதுக்காமலே அதற்கு ஒழுக்கம் வகுத்த மொழி இது. அன்றியும், வகைப்படுத்தல் இம்மண்ணுக்குப் புதிதன்று. கன்னியாவில் நெருங்கிக் கிடக்கும் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் ஏழு சூட்டில் இருக்கின்றன. வெப்பமானியை ஒருநாளும் தொட்டிராத பாட்டிமார்கூட எந்தக் கிணற்றில் முதலில் அள்ளவேண்டும், எதைக் கடைசிக்கு வைக்கவேண்டும் என்று சொல்லிவிடுவார்கள்.

தடைக்கு இன்னும் உறுதியான விடை இரண்டு உண்டு. ஒன்று மணல், மற்றது ரேடார்.

மணல்

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி, குச்சவெளி தாண்டி வடக்கே ஐம்பது கிலோமீற்றருக்குச் சற்று மேலே போனால் புல்மோட்டை. அங்கே கரை கறுப்பு. வாடைக்காற்றுக் காலத்தில் கடல் கொண்டுவந்து போடுகிற கறுப்பு. 1957இல் கனிய மணற் கூட்டுத்தாபனம் தொடங்கிய நாளிலிருந்து அதை அள்ளிப் பிரித்து ஏற்றுமதி செய்கிறார்கள். பெரும்பங்கு இல்மனைற்; அடுத்து ரூட்டைலும் சேர்க்கனும்; நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாத சிறுபங்கு மொனசைற்.

ஆலை இந்த மணலைப் பிரிக்கும் முறை எந்த இலக்கணகாரனையும் பொறாமைப்பட வைக்கும். மணியிடம் கேட்கும் கேள்விகள் மூன்றுதான். நீ கனமா? காந்தத்துக்கு இழுபடுவாயா? மின்னைக் கடத்துவாயா? இழுபட்டுக் கடத்துவது இல்மனைற். இழுபடாமல் கடத்துவது ரூட்டைல். இழுபடாமலும் கடத்தாமலும் இருப்பது சேர்க்கன். கொஞ்சமாக இழுபட்டு, கடத்த மறுப்பது மொனசைற். வீட்டிலேயே பாதிப் பரீட்சையை நடத்தலாம்: பழைய கணினி வன்தட்டிலிருந்து கழற்றிய காந்தத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி, காய்ந்த மணலில் இழுக்க வேண்டும். கறுத்த மணிகள் பையின் அடியில் தடிப்பாக அப்பிக்கொண்டு வரும். காந்தத்தைப் பையிலிருந்து உருவினால் அவ்வளவும் ஒரே நேரத்தில் உதிரும். தாளில் பின்தங்கியதைக் கண்ணருகே வைத்துப் பார்த்தால் அது கறுப்பே அல்ல. தேன்நிறமும் செம்மையும் கண்ணாடி வெள்ளையுமான மணிகள். கரையெல்லாம் கறுப்பு என்று மேலே எழுதியது கண்ணளவில் மட்டுமே மெய்.

மொனசைற்றுக்குள் தோரியம் இருக்கிறது. தோரியம் தானாக அணு உலைக்கு எரிபொருளாகாது. ஒரு நியூத்திரனை விழுங்கி, இரண்டு படி மாறி, யுரேனியம்-233 ஆனபிறகுதான் பிளவுறும். இடையிலே நிற்கும் புரோத்தக்தினியத்தின் அரைவாழ்வுக்காலமே 27 நாள். அந்த நியூத்திரனை வெளியிலிருந்து ஊட்ட ஒரு வழி: புரோத்தனை 1000 மெகா இலத்திரன்வோல்ற்று அளவுக்கு விரட்டி, ஈயம் போன்ற பாரமான உலோகத்தில் மோதவிடுவது. ஒரு புரோத்தனுக்கு இருபது அளவில் நியூத்திரன்கள் சிதறும். கேரளத்தின் சவறையிலும் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் புல்மோட்டையின் உடன்பிறந்த மணலை வைத்திருக்கும் இந்தியாவுக்கு இதில் அக்கறை இருப்பது இயல்பு. அந்த நெடுவழியின் முதற்படியாக மும்பை ட்ரொம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி நிலையம் கட்டியதே லெஹிபா என்னும் புரோத்தன் ஆர்முடுக்கி. 2023இல் அது தன் முழு ஆற்றலான 20 மெகா இலத்திரன்வோல்ற்றைத் தொட்டது. இந்நூல் பேசும் கற்றை பெரும்பாலும் அந்தக் கற்றையே.

தோரியம் என்று வந்துவிட்டபடியால் ஒரு கிளைச்செய்தி. ஆனந்த குமாரசுவாமி கலைவரலாற்றுக்குப் போகுமுன் இலங்கையின் கனிப்பொருள் அளவைப் பணிப்பாளர். 1904இல் அவர் முதலில் விவரித்த கனியமே பின்னர் தோரியனைற் எனப்பட்டது. இலண்டனில் வில்லியம் இராம்சேயின் ஆய்வுகூடத்துக்குப் போன அந்தக் கனியத்திலிருந்தே 1905இல் ஒட்டோ ஹான் ரேடியோதோரியத்தைக் கண்டார். அது சப்பிரகமுவாக் கல். எங்கள் எல்லைக்கு வெளியே. ஆனாலும் ஒரு தமிழ்ப் பெயர் குறுக்கே வந்தால் அதைச் சொல்லாமல் கடந்துபோகிறவன் உரைகாரன் ஆகான்.

ரேடார்

1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் கொழும்புக்கு வந்தபோது ரேடார் எச்சரிக்கை கிடைக்கவில்லை. நான்கு நாள் கழித்து, 9ஆம் திகதி, திருகோணமலைக்கு வந்தபோது இங்கிருந்த ரேடார் நிலையம் அவற்றைத் தொலைவிலேயே கண்டுகொண்டது. கண்டும் சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கி எரிந்தது வேறு கதை. கண்காணித்தல் வேறு, காத்தல் வேறு என்பதற்கு மேற்கோளாக அதை இங்கே குறித்துவைப்போம், பின்னால் உதவும்.

போர் முடிந்ததும் உலகெங்கும் ரேடார்ப் பெட்டிகள் வேலையற்றுக் கிடந்தன. போர்க்காலத்தில் ரேடாரில் உழைத்த லூயி அல்வரேஸ், அமெரிக்க இராணுவம் கைவிட்ட அப்பெட்டிகளின் மீடிறனான 200 மெகாஹேட்ஸ் அளவை மனத்தில் வைத்தே தம் புரோத்தன் ஆர்முடுக்கியை வரைந்தார். 1947இல் பேர்க்கிலியில் அது 32 மெகா இலத்திரன்வோல்ற்றுப் புரோத்தனைத் தந்தது. தாங்கி போன்ற நீண்ட செப்புக்கூடு, உள்ளே வரிசையாகத் தொங்கும் குழாய்கள்; மின்புலம் எதிர்த்திசையில் தள்ளும் நேரத்தில் புரோத்தன் குழாய்க்குள் ஒளிந்திருக்கும், சாதகமாகத் தள்ளும் நேரத்தில் இடைவெளிக்கு வரும். ட்ரொம்பேயிலும் 3 மெகாவிலிருந்து 20 மெகா வரை தள்ளுவது அல்வரேஸ் கூடுதான். பாயிரம் முற்றிற்று.

முதற் சூத்திரம்

தடுத்தும் தொடாதும் இழந்தும் அறிதலின்
மூவகைப் படூஉம் கற்றை நோக்கே.

உரை. கற்றையை நிறுத்தி அறிவன ஒருவகை. நிறுத்தாமல், தீண்டாமல் அறிவன ஒருவகை. கற்றையிலிருந்து வழிதவறிப் போனதைக் கொண்டு அறிவன ஒருவகை. வேறு வகை இல்லையா எனின், இறுதியில் புறனடை உண்டு, பொறுத்திருக்க.

துறைமுகத்துக்கு வெளியே நின்று பார்ப்போருக்கும் இம்மூன்றும் விளங்கும். சுங்கத்தார் பெட்டியை நிறுத்தித் திறந்து பார்த்தால்தான் உள்ளே இருப்பதை நம்புவார்கள். மேட்டிலே கண்ணாடிக் கூண்டில் இருப்பவர் கப்பலைத் தொடுவதில்லை. எங்கே நிற்கிறது, எவ்வளவு விரைவில் வருகிறது என்பது அவருக்குத் திரையில் தெரிந்துவிடும். மூன்றாமவர் காலையில் கரைவலை இழுக்கிறவர். எண்ணெய்ப் படலமோ மிதந்துவந்த கட்டையோ காலில் தட்டினால், கடலில் யாருக்கு என்ன ஆனது என்று சொல்லிவிடுவார். முதலிருவருக்கும் அலுவலகமும் சீருடையும் உண்டு. மூன்றாமவரை யாரும் கேட்பதில்லை. ஆர்முடுக்கியில் நிலைமை தலைகீழ். அங்கே முழுக் கற்றையைப் பற்றிய செய்திக்கு மரியாதை உண்டு. ஆனால் ஒரு நொடியில் எல்லாவற்றையும் நிறுத்தும் அதிகாரம் சிந்தியதைப் பார்க்கிறவனிடம் கொடுக்கப்பட்டிருக்கிறது. கற்றையை அளப்பது அறிமுகம்தான். அது எங்கே குறைந்தது என்று அறிவதே தொழில் என்பது இந்நூலின் துணிபு.

வகைகளுக்குள் போகுமுன் கற்றையை ஒருமுறை பார்ப்போம். ஐதரசனிலிருந்து உரித்த புரோத்தன்கள் 50 கிலோ இலத்திரன்வோல்ற்றில் மூலத்தைவிட்டுப் புறப்படுகின்றன: செக்கனுக்கு ஏறக்குறைய 3,100 கிலோமீற்றர். நான்கு மீற்றர் நீளமான முதற் கூடு அவற்றைச் சிறு திரள்களாகக் கட்டி 3 மெகாவுக்கு ஏற்றும்போது 24,000 கிலோமீற்றர். 20 மெகாவில் 61,000. ஒளியின் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு. பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனைக்கு ஏழு மில்லிசெக்கன் என்க. ஓட்டத்தின் வடிவமைப்பு அளவு 30 மில்லியம்பியர். ஒரு சின்ன மின்குமிழின் ஓட்டத்தைவிடக் குறைவு என்று இகழவேண்டாம். 20 மெகா வோல்ற்றோடு 30 மில்லியம்பியரைப் பெருக்கினால் 600 கிலோவாற்று. இடைவிடாமல் ஓடினால் ஒரு செக்கனில் 600,000 யூல். ஏறக்குறைய ஒரு கிலோ செப்பை உருக்கப் போதும்.

தடுத்தறிவன

தடுப்பன நான்கே கிண்ணம் திரையே
கம்பி பிளவெனக் கட்டுரைத் தனரே.

இவற்றுள் தலையாயது பரடேயின் கிண்ணம். கற்றை வந்து உள்ளே விழும். விழுந்த மின்னேற்றத்தைக் கம்பி வழியே வெளியே எடுத்து எண்ணினால் ஓட்டம். இதைவிட நேர்மையான அளவி இல்லை என்பர் ஒருசாரார். அற்றன்று. புரோத்தன் மோதும் இடத்திலிருந்து இலத்திரன்கள் தெறித்து வெளியே ஓடும். எதிரேற்றம் வெளியே போவதும் நேரேற்றம் உள்ளே வருவதும் மின்மானிக்கு ஒன்றே. ஆகவே கிண்ணம் வந்ததைவிடக் கூடக் கணக்குக் காட்டும். இதைத் தடுக்கக் கிண்ணத்தின் வாயிலே ஒரு வளையம் வைத்து, அதற்குச் சில நூறு வோல்ற்று மறையழுத்தம் கொடுப்பார்கள். தெறித்த இலத்திரன் திரும்பி உள்ளேயே விழும். வளையத்தின் அழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டு மானியைப் பார்த்தால் வாசிப்பு இறங்கி இறங்கி ஓரிடத்தில் நிற்கும். நின்ற இடமே உண்மை. கூடுதலாகச் சொல்கிறவரிடம் கொஞ்சம் அழுத்தம் கொடுத்தால் கணக்கு எங்கே நிற்கும் என்று தெரியும் என்பது கன்ரீனில் பயன்படுத்தத்தக்க உபகருத்து.

திரை பற்றி அதிகம் இல்லை. பூசிய தட்டில் கற்றை விழுந்தால் ஒளிரும், கமரா படம் எடுக்கும், எல்லாரும் கைதட்டுவார்கள். கட்டுப்பாட்டறைக்கு விருந்தினர் வரும் நாட்களில் திரைக்கு மதிப்புக் கூடும். ஒளி ஓரளவுக்குமேல் கூட மறுப்பதால் அளவுக்கு அதை நம்புவதில்லை.

கம்பிதான் இவ்வகையின் நாயகன். மனித மயிரைவிட மெல்லிய, முப்பது மைக்ரோமீற்றர் அளவான காபன் இழை ஒன்றைச் சட்டத்தில் கட்டி, கற்றையின் குறுக்கே மெதுவாக நகர்த்துவார்கள். இழையில் மோதும் புரோத்தன்கள் இலத்திரன்களைத் தட்டிவிடும்; இழை இழந்த ஏற்றத்தை நிரப்ப ஓடிவரும் சிற்றோட்டத்தைக் கணிப்பார்கள். இடத்துக்கு இடம் அந்த ஓட்டத்தைக் குறித்தால் கற்றையின் குறுக்குவடிவம் கிடைக்கும்: நடுவே மேடு, இருபுறமும் சரிவு. சரிவு முடியவேண்டிய இடத்தில் முடியாமல் நீளும் வாலைத்தான் நிபுணர் முதலில் பார்ப்பார். நாளைக்குச் சுவரில் உரசப்போகிறவை அந்த வாலில் இருக்கின்றன.

இழைக்கு இரண்டு ஆபத்து. ஒன்று வெளிப்படை, எரிந்து அறுதல். வியப்பு என்னவென்றால், வேகமான புரோத்தன் இழையை அவ்வளவு சுடுவதில்லை; மெதுவானதே சுடும். மெதுவாகப் போகிறது ஒவ்வோர் அணுவோடும் அதிகநேரம் பேசிவிட்டுப் போகும். வேகமானதுக்கு நின்று பேச நேரமில்லை. ஆகவே தொடக்கத்து 3 மெகாவில்தான் கம்பி பெரும்பாடு படும். மற்ற ஆபத்து நுட்பமானது. இழை அறாமல், ஆனால் வெண்மையாகச் சுட்டுவிட்டால், அது தன் சூட்டிலேயே இலத்திரன்களை வெளிவிடத் தொடங்கும். அப்போது மானி காட்டுவது கற்றையை அல்ல, கம்பியின் காய்ச்சலை. மேடு நடுவிலே திடீரென்று கூர்ந்து எழுந்தால், கற்றை ஒழுங்காகிவிட்டது என்று மகிழாமல் கம்பி சுட்டுவிட்டது என்று ஐயுறுக.

இவற்றுக்காகவே தடுத்தறியும் கருவி எதையும் முழுக் கற்றையின் முன்னே வைப்பதில்லை. கற்றையைச் சிறு துடிப்புகளாக நறுக்கி, நூறு மைக்ரோசெக்கன் அளவு ஓடவிட்டு, நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி ஓடவிடுவார்கள். அதனால் இவ்வகைக்கு ஒரு நிரந்தரக் குறை: இவை அளந்த கற்றை வேலைசெய்யும் கற்றை அன்று.

பிளவு என்பது கற்றையை முழுதும் மறித்து, ஒரு மெல்லிய கீற்றை மட்டும் கடக்கவிட்டு, அது எவ்வளவு தூரத்தில் எவ்வளவு விரிந்தது என்று பார்ப்பது. இதனால் கற்றையின் பருமன் மட்டுமன்றி அதன் புரோத்தன்கள் திசையில் எவ்வளவு சிதறி நடக்கின்றன என்பதும் தெரியும். காந்தவில்லைகளால் பருமனைக் குறைக்கலாம். குறைத்தால் திசைச்சிதறல் கூடும். திசையை ஒழுங்காக்கலாம், பருமன் கூடும். இரண்டின் பெருக்கம் வில்லைக்கு மசியாது.

தொடாதறிவன

கற்றை ஒரு மின்னோட்டம். மின்னோட்டத்தைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டு. காந்தப்பொருள் வளையம் ஒன்றைக் கற்றைக்குழாயைச் சூழ வைத்து, வளையத்தில் கம்பி சுற்றினால், அது நிலைமாற்றி. கற்றையே முதற்சுருள், அதற்கு ஒரே ஒரு சுற்று. உயர்தரத்தில் படித்ததுதான். படிக்காதது ஒன்று: உலோகக் குழாயின் உட்சுவரிலே கற்றைக்குச் சமமான எதிர் ஓட்டம் கூடவே வரும், வெளியே இருக்கும் வளையத்துக்கு இரண்டும் சேர்ந்து பூச்சியமாகத் தோன்றும். ஆகவே குழாயை அவ்விடத்தில் வெட்டி, பீங்கான் வளையம் பொருத்தி, சுவரோட்டத்தை வெளியே சுற்றிப்போக விடவேண்டும். கற்றையோடு ஒட்டி வருகிறவரைக் கொஞ்சம் ஒதுக்காவிட்டால் கற்றை காதில் விழாது.

இடம் அறிய நான்கு தகடுகள்: மேலே, கீழே, இடம், வலம். வலத்தகட்டின் சைகையிலிருந்து இடத்தகட்டினதைக் கழித்து, இரண்டின் கூட்டலால் வகுத்தால் கற்றை நடுவிலிருந்து எவ்வளவு விலகியது என்று வரும். கற்றை வலுவாயினும் மெலிவாயினும் விடை மாறாதபடி வகுத்தல் காக்கும்.

வேகம் அறிவது இவ்வகையின் அழகான பகுதி. லெஹிபாவின் மீடிறன் 352.21 மெகாஹேட்ஸ், திரளுக்கும் திரளுக்கும் இடையே 2.84 நனோசெக்கன். 3 மெகாவில் அந்த நேரத்தில் திரள் 6.8 சென்ரிமீற்றர் ஓடும். 20 மெகாவில் 17 சென்ரிமீற்றருக்குச் சற்று மேலே. தெரிந்த தூரத்தில் இரண்டு உணரிகளை வைத்து, இரண்டினதும் சைகைகளுக்கு இடையிலான அவத்தை வேறுபாட்டை அளந்தால் வேகம், வேகத்திலிருந்து ஆற்றல். ஆனால் எல்லாத் திரள்களும் ஒன்றுபோல் இருப்பதால், இரண்டு உணரிகளுக்கும் இடையே ஐந்து திரள் நிற்கிறதா ஆறு திரள் நிற்கிறதா என்று அவத்தை சொல்லாது. மூன்றாவது உணரியை வேறொரு நெருங்கிய தூரத்தில் வைத்தால் ஐயம் நீங்கும். இரு சாட்சியால் தீராத வழக்கு மூன்றாம் சாட்சியால் தீர்ந்தமை காண்க.

இவற்றுக்குக் குறை? துல்லியம் நூற்றில் ஒன்று, மிக முயன்றால் ஆயிரத்தில் ஒன்று. போதாதோ எனின், போதாது. ஏன் என்பதே அடுத்த இயல்.

இழப்பால் அறிவன

வழிதவறிய புரோத்தன் குழாய்ச்சுவரில் மோதி அதன் அணுக்கருக்களைக் கிளறும். கிளறிய உலோகம் கற்றை நின்றபின்னும் கதிர்வீசிக்கொண்டிருக்கும். ஒரு வால்வு பழுதென்றால் மனிதன் உள்ளே போய்க் கையால் கழற்ற வேண்டும். அது முடிய வேண்டுமானால் கற்றை ஒரு மீற்றர் நீளத்தில் ஒரு வாற்றுக்குமேல் சிந்தக்கூடாது என்பது உலகெங்கும் உயர்வலு ஆர்முடுக்கி கட்டுவோர் கொள்ளும் கணக்கு.

இந்த ஒரு வாற்றை நிறுத்துப் பார்ப்போம். சுவீடனின் லுண்டில் எழும் ஐரோப்பிய நியூத்திரன் நிலையத்தின் வடிவமைப்பு வலு 5 மெகாவாற்று. அதில் ஒரு வாற்று என்பது ஐம்பது லட்சத்தில் ஒரு பங்கு. இரண்டு நிலைமாற்றிகளை முன்னும் பின்னும் வைத்துக் கழித்தால் ஆயிரத்தில் ஒன்று தெரியும். ஐம்பது லட்சத்தில் ஒன்று எப்படித் தெரியும்? முழுக்கற்றையை அளப்பவன் எவ்வளவு திறமைசாலியாயினும் இந்த இழப்பு அவனுக்கு மறைவானதே. ஆகவேதான் குழாய்க்கு வெளியே, சுவரோரமாக, வாயு நிரப்பிய உருளைகளையும் ஒளிரும் பளிங்குகளையும் வரிசையாக வைத்திருக்கிறார்கள். சிந்திய புரோத்தன் கிளப்பும் கதிர்கள் உருளைக்குள் வாயுவை அயனாக்கும், அயன் ஓட்டமாகும், ஓட்டம் எல்லை தாண்டினால் சில மைக்ரோசெக்கனில் கற்றை நிறுத்தப்படும். 600 கிலோவாற்றுக் கற்றையைப் பத்து மைக்ரோசெக்கனில் நிறுத்தினால் சுவருக்குக் கிடைப்பது 6 யூல் மட்டும். கண்டும் தாங்கி எரிந்த 1942 இங்கே நினைவுகூரத்தக்கது: காண்பவனுக்கும் நிறுத்துபவனுக்கும் நடுவே ஆள் வைக்கவில்லை, கம்பி வைத்தார்கள்.

இதுவரை ஒழுங்காகத்தான் போகிறது. இழப்பறிவோரின் சங்கடம் ட்ரொம்பே போன்ற குறை ஆற்றல் இடங்களில்தான் தொடங்குகிறது. 3 மெகாப் புரோத்தன் செப்புச் சுவரில் விழுந்தால் ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கையும் தாண்டாமல் உள்ளேயே அடங்கிவிடும். 20 மெகாவிலும் ஒரு மில்லிமீற்றருக்குள் கதை முடியும். வெளியே வருவது கொஞ்ச நியூத்திரனும் கொஞ்சக் காமாவும். வெளியிலுள்ள உருளை ஒன்றும் அறியாமல் இருக்க, உள்ளே சுவர் கொப்புளிக்கும். திருட்டு மிக நடக்கிற இடத்தில் தடயம் மிகக் குறைவு என்க.

அதற்குமேல் பொய்ச்சாட்சி வேறு. ஆர்முடுக்கிக் கூட்டின் வலுவான மின்புலம் உலோக மேற்பரப்பிலிருந்து இலத்திரன்களைப் பிடுங்கி எதிர்ச்சுவரில் அடிக்கும். அங்கே எக்ஸ்கதிர் பிறக்கும். கற்றையே இல்லாத நேரத்திலும் கூடு இப்படி எக்ஸ்கதிர் வீசும். பக்கத்தில் இருக்கும் அளவி அதை இழப்பென்று எண்ணி ஓலமிடும். இதைக் கையாள மூன்று வழி. கற்றை இல்லாமல் கூட்டை மட்டும் இயக்கி, வரும் ஓலத்தைக் குறித்துவைத்துப் பின்னர் கழிப்பது ஒன்று. எக்ஸ்கதிரைப் பொருட்படுத்தாமல் நியூத்திரனுக்கு மட்டும் செவிசாய்க்கும் உணரிகளை வைப்பது ஒன்று. லுண்டில் தொடக்கப் பகுதிக்கு அவ்வாறே செய்கிறார்கள். மூன்றாவது, பழைய நிலைமாற்றிகளிடமே திரும்பி வருவது. தொடக்கப் பகுதியில் இழப்பு ஐம்பது லட்சத்தில் ஒன்றாக இருப்பதில்லை, தாராளமாக இருக்கும். 3 மெகாவில் ஒரு மில்லியம்பியர் காணாமற்போனால் அது 3 கிலோவாற்று. 30இல் ஒன்றைக் கழித்தறிய நிலைமாற்றிக்கு முடியும். ஆகவே குறை ஆற்றலில் இரண்டாம் வகை மூன்றாம் வகையின் வேலையைச் செய்யும். உயர் ஆற்றலில் மூன்றாம் வகைக்கு ஈடு இல்லை. நடுவே இரண்டும் அரைகுறையாகப் பார்க்கும் ஒரு பகுதி உண்டு. இரவுக் கடமையில் இருக்கும் பொறியியலாளர் தூங்காதது அதனால்தான்.

தோரிய உலைக்குக் கற்றை கொடுக்கும் நாளில் இன்னொரு நெருக்கடியும் சேரும். கற்றை நின்றால் உலையின் சூடு இறங்கும். மறுபடி வந்தால் ஏறும். இப்படி அடிக்கடி சில செக்கன்கள் நின்று வந்தால் எரிபொருட் கோலும் உலோகமும் களைத்து வெடிக்கும். ஆகவே உண்மையான இழப்புக்கு உடனே நிறுத்தவேண்டும், பொய்யான ஓலத்துக்கு ஒருபோதும் நிறுத்தக்கூடாது. எல்லையைத் தாழ்த்தினால் பொய் ஓலம் கூடும். உயர்த்தினால் சுவர் போகும். மூன்று உணரிகளை ஓரிடத்தில் வைத்து, இரண்டு ஒத்துச் சொன்னால் நிறுத்துவது என்பது இப்போதைய சமரசம். மூன்றும் ஒரே மின்வழங்கலில் தொங்கினால் அது ஒரு சாட்சியே என்பதை மறவற்க.

புறனடை

மூன்றனுள் அடங்கா முரணிய கருவி
தோன்றினும் தள்ளார் தொழில்தெரிந் தோரே.

உரை. வெற்றிடக்குழாயில் எஞ்சியிருக்கும் சிறிது வாயுவைக் கற்றை போகிற போக்கில் அயனாக்கும், ஒளிரவும் வைக்கும். அந்த அயனையோ ஒளியையோ பிடித்துக் கற்றையின் வடிவத்தை வரையலாம். இது தடுத்ததா, தொடாததா, இழந்ததா? கற்றை எப்படியும் மோதப்போகும் வாயுவோடு மோதியது. நாம் வேடிக்கை பார்த்தோம். இலக்கணத்துக்கு இடர்தரும் கருவி என்று குறித்துவிட்டு அப்பால் செல்க.

அதனினும் முரண்டுவது லேசர்க்கம்பி. சில ஆர்முடுக்கிகளில் ஓடுவது வெறும் புரோத்தன் அன்று. ஓர் இலத்திரன் கூடுதலாக ஒட்டிய மறை ஐதரசன் அயன். ஜெனீவாவின் சேர்ன் நிலையத்தில் 160 மெகாவுக்கு ஏற்றும் லினாக்4 அப்படி. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் உள்ள நியூத்திரன் மூலமும் அப்படி. ஒட்டிய அந்த இலத்திரனைப் பிடித்திருப்பது 0.75 இலத்திரன்வோல்ற்று மட்டுமே. லேசர் ஒளி பட்டால் கழன்றுவிடும். கற்றையின் குறுக்கே மெல்லிய லேசரை நகர்த்தி, கழன்ற இலத்திரன்களை மட்டும் காந்தத்தால் ஓரமாகத் திருப்பி எண்ணினால், எந்த இழையும் எரியாமல், முழுக்கற்றை வேலைசெய்துகொண்டிருக்கும்போதே அதன் குறுக்குவடிவம் கிடைக்கும். கற்றையைத் தொட்டது, ஆனால் மிக மிகச் சிறிய பங்கை மட்டும்; இழப்பை உண்டாக்கியது, அந்த இழப்பையே எண்ணியது; நிறுத்தவில்லை. மூன்று வகையிலும் கால்வைத்து எதிலும் அமராத கருவி.

இதை ட்ரொம்பேக்கும் கொண்டுபோகலாமே எனின், ஆகாது. அங்கே ஓடுவது மொட்டைப் புரோத்தன். கழற்ற இலத்திரன் இல்லை. ஆகவே லெஹிபாவின் முன்பகுதியில் துடிப்பைச் சுருக்கி, காபன் இழையையே குறுக்கே விடவேண்டும்.